தேவதானத்தில் லண்டன் நேரம்

தேவதானத்தில் காலை மணி பதினொன்றரை ஆகும்போது லண்டனில் காலை ஆறு. இந்த ஏற்பாட்டைப் பற்றித் தேவதானத்தில் பயிர் செய்யும் சம்சாரிகள் எந்தக் காலத்திலும் குறை சொன்னதில்லை. லண்டன்காரர்களும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. மலையடிவார முறைநீர் வாரியம் தன் சர்வர் கணினியை இடம் மாற்றிய பிறகுதான் இரண்டு ஊருக்கும் நடுவே இப்படி ஒரு வில்லங்கம் வந்து சேர்ந்தது.

வாரியத்துக்குத் தலைமை அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில், கிளை அலுவலகம் ராஜபாளையத்தில். வேலை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. கண்மாய்த் தண்ணீர் யார் வயலுக்கு எந்த மணிக்கு முறை என்பதை முதல் நாள் மாலை ஐந்து மணிக்குச் சம்சாரியின் செல்போனுக்குத் தகவலாக அனுப்ப வேண்டும். ஒரே ஆள் ஒரு சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். வாரியத்தில் நூற்றுப் பதினேழு பேர் வேலை பார்த்ததால் அப்படிச் செய்ய வழியில்லாமல் போயிற்று.

தகவலை மட்டும் நம்பித் தண்ணீரைத் திறந்துவிட வாரியம் ஒன்றும் ஏமாளி அல்ல. மடையில் நிற்கும் நீர்கட்டி பொன்னுராஜிடம் அச்சடித்த முறைப் பட்டியல் ஒன்று உண்டு. சம்சாரியின் போனில் உள்ள நேரமும் பட்டியலில் உள்ள நேரமும் ஒத்துப்போனால்தான் மடையைத் திறக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் போலித் தகவல் என்று கொண்டு மடையைச் சாத்தி வைக்க வேண்டும். இந்த விதியை எழுதியவருக்கு வாரியம் ஒரு சால்வை போர்த்தியது.

மார்கழிக் கடைசியில் சர்வர் எங்கோ வெளியூருக்குக் குடிபோயிற்று. போன இடத்தில் கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓடியது. அதை யாரும் கவனிக்கவில்லை. தை பிறந்ததும் எல்லாருடைய போனிலும் தண்ணீர் நேரம் ஐந்தரை மணி நேரம் முந்தி வந்தது. அனுப்பும் பொத்தானை ராஜபாளையத்தில் ஒரு ஆள் ஐந்து மணிக்கு அமுக்குவதால் தகவல் மட்டும் நேரத்துக்குப் போயிற்று.

முதல் அடி முத்தாத்தாளுக்கு விழுந்தது. தேவதானத்தில் அவளுக்கு ஒரு ஏக்கர் நெல். போனில் ஆறு மணி என்று வந்ததால் ஆறு மணிக்கு மண்வெட்டியோடு மடைக்குப் போனாள். பொன்னுராஜ் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒனக்குப் பதினொன்றரைல்லா போட்டுருக்கு" என்று அனுப்பிவிட்டான். பதினொன்றரைக்குத் திரும்பப் போனாள். பொன்னுராஜ் இந்த முறை போனை வாங்கிப் பார்த்தான். "போன்ல ஆறுன்னுல்லா போட்டுருக்கு" என்று சொல்லிவிட்டு மடைமேல் உட்கார்ந்துகொண்டான். ஒரே நாளில் இரண்டு தரம் சரியான நேரத்துக்குப் போயும் தண்ணீர் கிடைக்காதவள் அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வாரியம் அனுப்பும் தகவலின் கடைசியில் 'தொடர்புக்கு' என்று ஒரு பெயரும் போன் நம்பரும் இருக்கும். அது தலைவருடையது அல்ல, பொறியாளருடையதும் அல்ல. ராஜபாளையம் கிளையில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் மாரிசெல்வியின் சொந்த நம்பர். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் வீட்டில் பிறந்து, ஜாவா என்கிற மென்பொருள் மொழி படித்து, முப்பத்திரண்டு வயதில் இப்படி எல்லாச் சம்சாரிகளின் போனிலும் ஏறியிருந்தாள்.

"ஏ தாயி, மாரிசெல்வி நீதான?"

"ஆமா, நீங்க யாரு பேசுதிய?"

"தேவதானம் முத்தாத்தா. நெல்லு பால் பிடிக்குத நேரம். எட்டு நாளைக்கு ஒருக்க மொற. இன்னைக்கு மொற போச்சு. அடுத்த சனிக்கெழம தண்ணி பாயலைன்னா அம்புட்டும் பதரு. எனக்கு ஒன்னும் வெளங்கல, நீ என்ன எழவத்தான் அனுப்புத?"

மாரிசெல்விக்கு முகம் சுண்டிப்போயிற்று. திட்டு வாங்கியதில் வந்த வருத்தம் இல்லை. திட்டு வாங்க வேண்டிய ஆள் தான்தான் என்று தோன்றியதால் வந்த வருத்தம். "சனிக்கெழமைக்குள்ள சரி பண்ணிருதேன் பெரியம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். வாரியத்தில் வாக்குக் கொடுக்கும் அதிகாரம் ஒப்பந்த ஊழியர்களுக்கு இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சரி செய்யும் வேலை நான்கு நிமிஷம்தான் பிடித்தது. இந்திய நேரத்தைப் பார்த்துச் சொல் என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த நான்கு நிமிஷத்தில் டீ குடித்ததும் சேர்த்தி.

ஆனால் எழுதிய வரியை அப்படியே சர்வரில் ஏற்ற முடியாது. மேவன் என்று ஒரு கருவி அதை முழு மென்பொருளாகக் கட்டித் தர வேண்டும். இந்தக் காலத்தில் மென்பொருளை யாரும் முழுசாகத் தாமே எழுதுவதில்லை. தகவல் அனுப்ப ஒரு துண்டு, தேதி பார்க்க ஒரு துண்டு என்று உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்ததை மேவன் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். கல்யாணச் சமையலுக்குப் பாத்திரத்தை வாடகைக்கு எடுப்பது மாதிரிதான். முன்பே இறக்கி வைத்த துண்டுகள் எல்லாம் மாரிசெல்வியின் பழைய கணினியில் இருந்தன. பாதுகாப்பை மேம்படுத்துவதாகச் சொல்லி அந்தக் கணினியைப் பத்து நாளைக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புதுக் கணினியில் மேவனை ஓட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நம்பத்தகுந்த சான்றிதழ் எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே எதையும் இறக்க முடியாது என்பது அதன் சுருக்கம். விரிவு இரண்டு பக்கம் போயிற்று.

காரணம் மாரிசெல்விக்கு உடனே பிடிபட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தலைமையகத்தில் 'அரண்' என்று ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார்கள். இணையத்திலிருந்து வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் அரண் நடுவழியில் பிரித்துப் பார்க்கும். பிறகு திரும்ப ஒட்டி, பழைய முத்திரைக்குப் பதிலாகத் தன் முத்திரையைக் குத்தி அனுப்பும். அரணின் முத்திரையை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லியிருந்தார்கள். மேவனை ஓட்டும் ஜாவாவுக்குச் சொல்லவில்லை. யார் யாரை நம்பலாம் என்று ஜாவா தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. முன்பின் தெரியாத ஆள் பிரித்து ஒட்டிய பொட்டலத்தை வாங்க மாட்டேன் என்று அது சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தானே.

மருந்தும் தெரியும். அரணின் முத்திரைச் சான்றிதழை ஜாவாவின் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு வரிக் கட்டளை. ஆனால் அந்தப் பட்டியல் இருக்கும் இடம் பூட்டிக் கிடந்தது. சாவி ஸ்ரீவில்லிபுத்தூரில் இணையக் காப்புப் பிரிவிடம் இருந்தது.

குறுக்கு வழிகளும் உண்டு. இதற்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்த ராம்குமார் தன் செல்போன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து ஆறு நிமிஷத்தில் ஒரு வேலையை முடித்தவன். இப்போது வத்திராயிருப்பில் மழைமானி பார்த்துக்கொண்டிருக்கிறான். மழை இல்லாத நாளிலும் தினம் இரண்டு வேளை பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

ஆகவே மாரிசெல்வி கண்காணிப்பாளர் தங்கச்சாமியிடம் போனாள். தங்கச்சாமி நல்ல மனிதர். இருபத்தாறு வருஷச் சர்வீசில் எந்தக் கோப்பையும் தன் மேஜையில் ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. எல்லாவற்றையும் வேறு மேஜைக்கு அனுப்பிவிடுவார்.

"ஏம்மா, நேரம் தப்புன்னு சொல்லுத. தப்புன்னு முடிவு பண்ண நாம யாரு? மொதல்ல எழுதிப் போடுவோம்" என்றார்.

"எழுதிப் போடுத எடம் எது சார்?"

"காப்புப் பிரிவு இணையதளம். படிவம் ஒம்பது."

மறுநாள் சனிக்கிழமை காலையில் மாரிசெல்வி அந்த இணையதளத்தைத் திறந்தாள். திரையில் ஒரு பெரிய எச்சரிக்கை வந்தது. இந்தத் தளத்தின் சான்றிதழ் காலாவதியாகி நாற்பத்தொரு நாள் ஆகிறது, உள்ளே போவது ஆபத்து என்றது. காப்புப் பிரிவுக்குப் போன் போட்டாள். எடுத்தவர், "நீங்க நேர்ல வந்துருங்க, போன்ல பேசுறது பாதுகாப்பு கிடையாது" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். இணையக் காப்புப் பிரிவின் தலைவர் காசிராஜன், அரண் இருந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார். வாரியத்தில் ஏசி வைத்த அறை அது ஒன்றுதான். ஏசி பெட்டிக்கு என்று வாங்கியது. பெட்டிக்குத் துணையாக அவர் இருந்தார்.

"உக்காரும்மா. இத பாத்தியா?" என்று பெட்டியைக் காட்டினார். "ராஜபாளையத்து நாய் மாதிரி. ஒருத்தனையும் உள்ள விடாது. இது வந்த நாள்ல இருந்து வாரியத்துக்குள்ள ஒரு வைரஸ் வந்தது கிடையாது."

"முந்தி வந்துச்சா சார்?"

"முந்தியும் வந்தது கிடையாது. ஆனா முந்தி வராம இருந்ததுக்குக் காரணம் தெரியாம இருந்துச்சு."

ராஜபாளையத்து நாய்க்கு வீட்டு ஆட்கள் யார் என்று தெரியும் என்று மாரிசெல்வி நினைத்தாள். சொல்லவில்லை. ஒப்பந்தம் மாசியில் முடிகிறது. வந்த விஷயத்தை மட்டும் சொன்னாள். அரணின் சான்றிதழை ஜாவாவில் சேர்க்க வேண்டும், ஒரு நிமிஷ வேலை, சார் வந்து பூட்டைத் திறந்துவிட்டால் போதும்.

"படிவம் ஒம்பது போட்டியா?"

"ஒங்க தளத்தோட சான்றிதழ் காலாவதி ஆயிருக்கு சார். உள்ள போகாதன்னு வருது."

காசிராஜன் சிரித்தார். குழந்தை எதையோ கேட்டுவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. "அதெல்லாம் கண்டுக்கப்படாதும்மா. கீழ 'பரவாயில்லை, தொடர்க'ன்னு ஒரு பொத்தான் இருக்கும். அத அமுக்கிட்டு வந்துரணும். நாங்க எல்லாரும் அப்படித்தான் வாறோம்."

"அப்ப ஜாவாலயும் அதே மாதிரி பரவாயில்லன்னு..."

"அது குற்றம்" என்றார் காசிராஜன். குரல் மாறிவிட்டது. "ராம்குமார்னு ஒரு பையன் இருந்தான், தெரியும்ல?"

தெரியும் என்றாள்.

அதோடு விடவில்லை. எதை இறக்கப் போகிறாய், எத்தனை இறக்கப் போகிறாய் என்று கேட்டார். மாரிசெல்வி பட்டியலைக் காட்டினாள். மென்பொருள் நேரடியாகக் கேட்பது பன்னிரண்டு துண்டு. அந்தப் பன்னிரண்டும் தங்களுக்கு வேண்டியவை என்று கூட்டி வருவது இருநூற்றிரண்டு. பத்திரிகை வைத்தது பன்னிரண்டு வீட்டுக்கு, பந்தியில் உட்கார்ந்தது இருநூற்றுப் பதினாலு பேர் என்கிற கணக்கு. காசிராஜன் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு பிரிவுத் தலைவரின் வாழ்க்கையில் இப்படி ஒரு பட்டியல் அடிக்கடி கிடைக்காது.

"ஒவ்வொன்னுக்கும் தனித்தனிப் படிவம். வெளிப்பொருள் பரிசீலனைக் குழு புதன்கிழமை கூடுது. அதுக்குள்ள கொடுத்துரு."

மாரிசெல்வி செவ்வாய்க்கிழமை முழுக்க இருநூற்றுப் பதினாலு படிவம் எழுதினாள். துண்டின் பெயர், எழுதியவர் பெயர், எழுதியவரின் தந்தை பெயர், நிரந்தர முகவரி. தந்தை பெயர் தெரியாத இடத்தில் முதலில் கோடு போட்டாள். கோடு போட்ட படிவம் செல்லாது என்று குறிப்பு இருந்ததால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து 'அன்னார்' என்று எழுதினாள். யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை படிவக் கட்டைத் தலைமையகத்தின் தபால் பிரிவில் வைத்தாள். அங்கே ஜபருல்லா இருந்தார். முப்பது வருஷமாக வருகிற தாளுக்கெல்லாம் எண் போட்டு முத்திரை குத்துகிறவர்.

"இம்புட்டுப் பொருளும் எங்கம்மா இருக்கு?"

"இன்னும் வரலண்ணே. வரலாமான்னுதான் கேக்கோம்."

"வராததுக்கு 'பெறப்பட்டது'ன்னு குத்தணும்."

"குத்தலைன்னா குழுவுக்குப் போகாதாமே."

ஜபருல்லா முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினார். "போன வருசம் வந்த பொருளுக்கு வரலைன்னு எழுதச் சொன்னாக. கணக்கு நேராயிரும்" என்றபடி குத்த ஆரம்பித்தார். இருநூற்றுப் பதினாலும் குத்தி முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. நடுவே முத்தாத்தாள் இரண்டு தரம் போன் பண்ணினாள். நெல் வெளிற ஆரம்பித்துவிட்டது என்றாள். இரண்டாம் தரம் திட்டக்கூட இல்லை. அது மாரிசெல்விக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குழுவில் ஐந்து பேர். காசிராஜன் தலைமை. மற்ற நால்வரும் பொறியியல், நிர்வாகம், நூலகம், வாகனம் ஆகிய பிரிவுகளின் தலைவர்கள். முதல் படிவத்தை எடுத்தார்கள்.

"இது என்ன செய்யும்?"

"மென்பொருள் ஓடும்போது என்ன நடக்குன்னு வரிசையா எழுதி வைக்கும் சார். தப்பு எங்க நடந்துச்சுன்னு பின்னால பாத்துக்கலாம்."

நிர்வாகப் பிரிவுத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதி வைக்குமா? எழுத்துல ஒன்னும் இருக்கக் கூடாதுன்னுதான இம்புட்டு வருசமா நிர்வாகம் பண்ணிக்கிட்டு இருக்கோம்?"

நிராகரித்தார்கள்.

"அடுத்தது?"

"நாம எழுதுனது சரியா வேல செய்யுதான்னு சோதிச்சுப் பாக்குறது சார்."

"வெளியாள் ஒருத்தன் வந்து நம்மள சோதிக்கிறதா" என்றார் பொறியியல். அதுவும் போயிற்று.

மூன்றாவது, நாட்டுக்கு நாடு நேரத்தைச் சொல்லும் துண்டு. காசிராஜன் அதை நெடுநேரம் படித்தார். "இதுல டோக்கியோ நேரம் இருக்கு, சிட்னி நேரம் இருக்கு. நமக்கு அதெல்லாம் எதுக்கு? இந்திய நேரத்த மட்டும் தனியா வாங்கிட்டு வரச் சொல்லு. உள்ளூர் ஆள் யார்ட்டயும் கிடைக்காதா?"

நான்கு மணிக்குள் பதினேழு படிவம் முடிந்திருந்தது. பதினாறு நிராகரிப்பு. ஒன்றை மட்டும், அதன் பெயர் வாகனப் பிரிவுத் தலைவருக்குப் பிடித்துப்போனதால், நிபந்தனையோடு ஏற்றார்கள். மீதிக்கு அடுத்த குழு மாசி மாதம் கூடும் என்று காசிராஜன் கோப்பை மூடினார்.

மாரிசெல்விக்கு அழுகை வந்தது. அழுதால் நடத்தைக் குறிப்பில் ஏறும் என்று அடக்கிக்கொண்டு பேசினாள். "சார், மாசில நெல்லு இருக்காது. போன்ல ஒரு நேரம், பட்டியல்ல ஒரு நேரம். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் மடையத் திறப்பாக. சனிக்கெழமைக்குள்ள ஒத்துப்போகலைன்னா ஒரு ஏக்கர் போயிரும். அது ஒரு பொம்பளையோட வருசச் சோறு சார்."

நூலகப் பிரிவுத் தலைவர் அன்று முழுவதும் வாய் திறக்காதவர். அவர் கேட்டார்: "ரெண்டும் ஒத்துப்போகணும், அம்புட்டுத்தான?"

"ஆமா சார்."

"அப்ப பட்டியல மாத்திட்டாப் போச்சு."

காசிராஜன் முகம் மலர்ந்ததை மாரிசெல்வி பார்த்தாள். அவர் எழுந்து நின்றே பேசினார். "இதத்தான் நான் எப்பவும் சொல்லுவேன். மென்பொருள மாத்துறதுல ஆபத்து இருக்கு. வெளிய இருந்து என்னென்னமோ உள்ள வரும். நேரத்த மாத்துறதுல ஒரு வைரஸும் வராது. நேரம் நம்மகிட்ட இருக்கிற பொருள். அது லண்டன் நேரமா இருக்குன்னு வேற சொல்றீங்க. உலகத்துக்கே கடிகாரம் வச்சவன் அவன். அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

வியாழக்கிழமை சுற்றறிக்கை வந்தது. தை மாதம் முழுமைக்கும் முறைப் பட்டியலில் உள்ள எல்லா நேரமும் ஐந்தரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்படுவதாகவும், சம்சாரிகள் தங்கள் வேலைகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்களாகவும் அதில் கண்டிருந்தது. பொன்னுராஜுக்குப் புதுப் பட்டியல் போயிற்று. விடியற்காலை ஐந்தரைக்கு முறை இருந்தவர்கள் நடுச்சாமத்தில் மண்வெட்டி தூக்க வேண்டியதாயிற்று. அவர்கள் வாரியத்தின் பல தலைமுறைகளை நினைவுகூர்ந்து பேசியபடி தண்ணீர் பாய்ச்சினார்கள். ஆனால் தண்ணீர் பாய்ந்தது. வெள்ளிக்கிழமை காலை முறை இருந்த எல்லார் வயலும் நனைந்தது என்று முத்தாத்தாளே போன் பண்ணிச் சொன்னாள். நாளை காலை ஆறு மணிக்கு அவள் முறை.

மாரிசெல்விக்கு மனசு லேசானது. மத்தியானம் கேன்டீனில் ஒரு வடை கூடச் சாப்பிட்டாள்.

இரண்டரை மணிக்கு ராஜபாளையம் கிளை வாசலில் ஜீப் வந்து நின்றது. காசிராஜன் இறங்கினார். கூடவே ஒரு பேனர், ஒரு கேமராக்காரர். இணையப் பாதுகாப்பு வாரம் அன்றோடு நிறைவடைகிறது. நிறைவு அறிக்கையில் 'தீர்த்து வைக்கப்பட்ட புகார்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் போட ஒன்றும் இல்லையாம்.

"குழு கெடக்கட்டும்மா. வாரியத் தலைவர் சிறப்பு அனுமதி கொடுத்துட்டார். ஒன் கணினி எங்க?"

தங்கச்சாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காசிராஜன் தன் பெயரில் உள்ளே நுழைந்து பூட்டைத் திறந்தார். மாரிசெல்வி அந்த ஒரு வரிக் கட்டளையை அடித்தாள். ஜாவா தன் பட்டியலுக்கான கடவுச்சொல்லைக் கேட்டது. காசிராஜன் பையிலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்றை எடுத்து, மற்றவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லி, உறையைக் கிழித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தார். மாரிசெல்வி சுவரைப் பார்த்தபடி நின்றாள். எட்டுத் தட்டல் கேட்டது. ஜாவா படித்த எல்லாருக்கும் முதல் மாதமே தெரிந்துவிடும் அந்தக் கடவுச்சொல், ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்துக் கொடுத்தது. 'மாற்றிக்கொள்' என்பதுதான் அதற்கு அர்த்தமே.

மேவனை ஓட்டினாள். இருநூற்றுப் பதினாலு துண்டும் தந்தை பெயர் ஏதும் சொல்லாமல் மூன்று நிமிஷத்தில் வந்து இறங்கின. திரையின் அடியில் பச்சை எழுத்து. ஒரு வாரமாகச் சிவப்பையே பார்த்த கண்ணுக்கு அது வயலைப் பார்த்த மாதிரி இருந்தது. சிரித்துவிட்டாள். சர்வரில் ஏற்றும் பொத்தானைத் தானே அமுக்குவதாகக் காசிராஜன் சொன்னார். அமுக்கினார். கேமராக்காரருக்குப் படம் சரியாக விழவில்லை என்பதால் அமுக்குவது போல் இன்னும் இரண்டு தரம் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

நான்கு மணிக்கு முத்தாத்தாள் போன் பண்ணினாள். "தாயி, நாளைக்குக் காலைல ஆறுதான? மெசேசு அஞ்சு மணிக்கு வந்துருமில்ல?"

"வந்துரும் பெரியம்மா" என்று சொல்லி வாயை மூடவில்லை, மாரிசெல்விக்கு உறைத்தது. தான் சேர்த்த அந்த ஒரு வரி இப்போது சர்வரில் இருக்கிறது. ஐந்து மணிக்குப் போகும் தகவலில் பதினொன்றரை என்று சரியாக வரும். பொன்னுராஜின் பட்டியலில் ஆறு. சந்தோஷத்தில் சுற்றறிக்கையை மறந்தே போயிருந்தாள். தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். காசிராஜன் ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார்.

"சார், போன்ல இனிமே சரியான நேரம் போகும் சார். பட்டியல்ல மாத்துன நேரம் இருக்கு. சுற்றறிக்கைய ரத்து பண்ணணும்."

"சுற்றறிக்கை நிர்வாகப் பிரிவும்மா. ரத்து பண்ண குழு கூடணும். குழு மாசில."

"அப்ப மென்பொருள பழையபடி ஆக்கட்டுமா சார்?"

காசிராஜன் யோசித்தார். "வெளிய இருந்து புதுசா எதையும் இறக்குவியா?"

"இல்ல சார். எல்லாம் கணினிலயே இருக்கு."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்குற? சரி பண்றதுக்கு வெளிய இருந்து பொருள் வரணும், அதுக்கு அனுமதி வேணும். தப்பு பண்றதுக்கு நம்மகிட்ட இருக்கிறதே போதும். அதுல எங்க பிரிவு தலையிடாது." மற்றொரு காலையும் ஜீப்பில் வைத்தார். வண்டி போயிற்று.

நான்கு இருபத்தைந்து. மாரிசெல்வி உட்கார்ந்து அந்த வரியை அழித்தாள். எந்தப் படிவமும் இல்லை, எந்த முத்திரையும் இல்லை. மேவன் பதினோரு விநாடியில் கட்டித் தந்தது. பச்சை எழுத்து. சர்வரில் ஏற்றினாள். கிளையின் அன்றாடப் பதிவேட்டில் 'மாற்றத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில், நேரம் சரியாக இருந்ததால் தவறாக்கப்பட்டது என்று உள்ளது உள்ளபடியே எழுதி, தங்கச்சாமியிடம் நீட்டினாள். அவர் இரண்டு தரம் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கம்மா" என்று கையெழுத்துப் போட்டு, அடுத்த மேஜைக்கு அனுப்பிவிட்டார்.

ஐந்து மணிக்குத் தகவல் போயிற்று. மாரிசெல்வி முத்தாத்தாளுக்குப் போன் போட்டு, வந்த மெசேஜைப் படிக்கச் சொன்னாள். ஆறு என்று அவள் சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு முத்தாத்தாளே கூப்பிட்டாள். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"பாஞ்சுக்கிட்டு இருக்கு தாயி. பாதி வயலுக்கு மேல ஏறிட்டு. பொன்னுராஜு பட்டியலப் பாத்தான், போனப் பாத்தான், ஒன்னும் பேசாம தொறந்துட்டான். நீ நல்லா இருக்கணும். எப்படி சரி பண்ணுன?"

மாரிசெல்விக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "சரி பண்ணி வச்சிருந்தேன் பெரியம்மா. நேத்து சாயங்காலம் அத எடுத்துட்டேன்."

"அதான பாத்தேன்" என்றாள் முத்தாத்தாள். "ஆபீஸ்ல சரி பண்ணியிருந்தா தண்ணி எங்குட்டு வரும்."